மரபறியாப் பரியின் இனம் அறிதல்

ஒரு பரியின் இனத்தை அதன் தாய் தந்தையர் வரலாறு கொண்டு அறிவதே முறை. அவ்வரலாறு அறியப்படாதபோது யாது செய்வது? தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952ஆம் ஆண்டில் பதிப்பித்த அசுவ சாத்திரம், நிறம், சுழி முதலிய இலக்கணங்களை விரித்துரைக்கின்றது. அந்தியூர்க் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி பார்த்து விலை பேசுவர். ஆயின், சுழி ஒரு குதிரையை மற்றொன்றினின்று வேறுபடுத்தி அடையாளம் காட்டுமேயன்றி, அதன் இனத்தைக் காட்டாது.

இனத்தை உய்த்துணர உதவுவது உடலமைப்பே. செவிநுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று நெருங்கினால், மார்வாரி அல்லது கத்தியவாரிக் கலப்பு உண்டெனக் கருதலாம். குழிந்த முகமும் உயர்த்திய வாலும் அரபுப் பரியை நினைவூட்டும். அரபு, பாரசீகக் கரைகளினின்று காயல் துறைக்குக் குதிரைகள் வந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். இவ்வாறு பல திசைகளினின்றும் பரிகள் வந்த நம் நாட்டில், கலப்பு இயல்பேயாகும்.

இன்று மயிர்வேரிலிருந்து மரபணுவை எடுத்து, அறிந்த இனங்களோடு ஒப்பிடுகின்றனர். அச்சோதனையும் நெருங்கிய இனங்களைச் சுட்டுமேயன்றி, பல தலைமுறை கலந்த பரிக்கு ஓரினப் பெயரைச் சூட்டிவிடாது. ஆதலின், வணிகர் கூறும் இனப்பெயருக்கு மிகுவிலை கொடாது, பல்லையும் குளம்பையும் நடையையும் நோக்கிக் கொள்வதே அறிவுடைமை என்போம். கலப்பினம் என்று உள்ளதை உள்ளவாறு உரைப்பதால் பரிக்கு இழுக்கொன்றும் இல்லை.