எல்லோரும் என்னையே பார்க்கிறார்களா?

பெண்ணுடையில் தெருவுக்கு வரும் ஆணுக்கு, எதிரே வருபவர் சும்மா திரும்பினாலே ‘கண்டுபிடித்துவிட்டார்’ என்று நெஞ்சு படபடக்கும். ஏன்?

ஆபத்து என்று மூளையின் அமிக்டலா எச்சரித்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அந்தப் பதற்றமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் வேறு.

பிறர் நம்மை உண்மையில் அவ்வளவு கவனிக்கிறார்களா? இதைச் சோதித்து 2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு வேடிக்கையானது. பாடகர் பாரி மனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டுடன் (மாணவர்களுக்கு அது மானக்கேடு!) அறைக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். தன் உடை தன் மனதை நிறைத்திருப்பதால், பிறர் கண்ணையும் அதுவே நிறைக்கும் என்று மூளை தப்புக் கணக்குப் போடுகிறது.

ஆனாலும் எல்லா அச்சமும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. எதிர்பாலினர் உடையில் பொது இடத்துக்கு வருவதை சான் பிரான்சிஸ்கோ நகரம் 1863-இல் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1974-இல்தான் நீங்கியது.