அணில் குட்டிக்குப் பசும்பால் கொடுக்காதீர்!

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் காற்றும் மழையும் வந்தால், மரக்கிளையிலும் ஜன்னல் சன்ஷேடிலும் உள்ள அணில் கூடுகள் கலைந்து விழுவதுண்டு. கண் திறக்காத குட்டியைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். பெரியவர்கள் இரக்கப்பட்டுப் பசும்பாலைச் சங்கில் புகட்டுவார்கள். அந்தப் பாலே குட்டிக்கு எமனாகிவிடும்! வயிற்றுப்போக்கு கண்டு குட்டி இறந்துபோகும்.

தாய் வரும்

காயம் இல்லாத குட்டியை, துணி விரித்த அட்டைப் பெட்டியில் இட்டு, விழுந்த இடத்துக்கு அருகிலேயே பூனை எட்டாதபடி வைக்க வேண்டும். பெரும்பாலும் தாய் தேடி வந்து கவ்விச் செல்லும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு.

சூடே மருந்து

பொழுது சாய்ந்தும் தாய் வராவிட்டால், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதையும் புகட்டக் கூடாது, ஜீரணமாகாது. மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் நுரையீரலில் இறங்கி மூச்சு முட்டும்.

1996-ல் தொடங்கிய பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்பின் வனவிலங்கு மருத்துவமனை கெங்கேரி பக்கம் இருக்கிறது. தாயற்ற குட்டிகளை அங்கே வளர்த்து வெளியில் விடுகிறார்கள். மறுநாள் காலையிலேயே அங்கு ஒப்படைப்பது நல்லது.

ராமருக்கு மணல் சுமந்த பிராணி என்பார்கள். ஓர் இரவு அதற்குச் சூடு கொடுத்துக் காப்பது பெரிய காரியமல்ல.