முதல் ஊசியைத் தடுத்தல்

நம் நாட்டின் பெரிய ரயில் நிலையங்களை ஒட்டியும் மேம்பாலங்களின் கீழும் வீடின்றி வாழும் சிறாரும் இளைஞரும் பலர் உளர். இவர்களுள் சிலர் போதைப் பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வீழ்கின்றனர். அப்பழக்கம் வேரூன்றிய பின் அதனின்று மீட்பது கடினம். ஆகவே, முதல் ஊசியைத் தடுப்பது எவ்வாறு என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

இப்பழக்கம் ஒரே நாளில் தோன்றுவதன்று. தெருவில் வாழும் சிறுவன் முதலில் நாடுவது பெரும்பாலும் ஒட்டுப்பசை, தின்னர் முதலியவற்றின் ஆவியையே. இவை மலிவானவை, பசியையும் குளிரையும் அச்சத்தையும் சிறிது நேரம் மறக்கச் செய்பவை. மத்திய அரசுக்காக நடத்தப்பெற்று 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, வயது வந்தோரில் 0.58 சதவிகிதத்தினரும், 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 1.17 சதவிகிதத்தினரும் இத்தகைய ஆவிகளை நுகர்கின்றனர். ஊசி மூலம் போதை ஏற்றுவோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது.

ஆவி நுகர்வோர் அனைவரும் ஊசியை எட்டுவதில்லை. எட்டுவோர் பலர், இடையில் ஹெராயினைப் புகையாக இழுக்கப் பழகியவர்கள். உடல் அதற்குப் பழகப் பழக, முன்பு போதுமாயிருந்த அளவு போதாமற் போகிறது. கையில் பணமோ இல்லை. அவ்வேளையில், குறைந்த அளவே ஊசியில் மிகுந்த வேகம் தரும் என்று தோழன் ஒருவன் கூறுகிறான். முதல் ஊசியைக் குத்துவதும் பெரும்பாலும் வேறொருவர் கையே. அந்த ஊசி பிறர் பயன்படுத்தியதாயின், எச்.ஐ.வி. கிருமியும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் முதல் நாளிலேயே உடலிற் புகக்கூடும்.

இதனின்று இரு வழிகள் புலனாகின்றன. முதலாவது, உறைவிடம். கனடாவின் மாண்ட்ரியல் நகரத் தெருக்களில் வாழ்ந்த இளைஞரிடையே 1995-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், அண்மையில் தங்க இடமின்றித் தவித்தவர்களே ஊசியைத் தொடங்கும் அபாயத்திற்கு மிகுதியும் உள்ளாயினர். எனவே, பாதுகாப்பான ஓர் இரவுத் தங்கலும் தடுப்பு மருந்தே எனலாம். இரண்டாவது வழி, 1990-களில் இங்கிலாந்தில் உருவானது. முன்னரே ஊசி ஏற்றுவோரிடம் சென்று, புதியவர் முன் ஊசி ஏற்றாதிருக்கவும், அதனைப் புகழாதிருக்கவும், குத்திவிடுமாறு கேட்போரை மறுக்கவும் அவர்களைப் பழக்குவதே அம்முறை. இளையவர் ஒருவரை இத்துன்பத்தில் இழுத்துவிட அவர்களிற் பலர் விரும்புவதில்லை. மறுக்கும் சொல்லைத்தான் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

ஆவி நுகரும் மாணவனைப் பள்ளியினின்று நீக்குதல் அவனைத் தெருவிற்கே அனுப்புவதாகும். அச்சுறுத்தும் சொற்பொழிவுகளாலும் பயனில்லை. அவன் எங்கு உறங்குகிறான், யாருடன் உண்கிறான் என்பதை முதலில் கேட்டறிக. வீடற்ற சிறாருக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணிலும், போதை மீட்புச் சிகிச்சைக்கு 14446 என்னும் எண்ணிலும் உதவி பெறலாம். ஆதரவற்ற சிறாரைக் கண்டால் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்ப்பித்தல் வேண்டும். சிறாருக்குப் போதைப் பொருள் கொடுப்போருக்கு, 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்கிறது.

இல்லங்களில் வளர்ந்தோர் 18 வயதில் வெளியேறுங்காலம் தனிக் கவனத்திற்குரியது. அன்றிரவு தங்க இடமும், மறுநாள் செய்ய வேலையும், விசாரிக்க ஒருவரும் இருப்பாராயின், ஊசியை நீட்டும் கைக்கு அவர்கள் எளிதில் அகப்படார்.