மெயில் சர்வரை எங்கே வைப்பது?

அலுவலகம் ஒரே கட்டடத்தில் இருக்கும் வரை, ஈமெயில் சர்வரை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழாது. இன்னொரு ஊரில் கிளை திறந்தவுடன் கேள்வி வந்துவிடும். தலைமை அலுவலகத்தில் ஒரு சர்வர் போதுமா? கிளைக்கும் தனியாக ஒன்று வேண்டுமா? இந்த முடிவு சரியா, தவறா என்பது லைன் அறுந்துபோகும் நாளில்தான் தெரியும். வாடிக்கையாளரின் ஆர்டர் மெயில் சர்வருக்கு வந்திருக்கும்; கிளையில் யாராலும் அதைத் திறக்க முடியாது. எவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று இங்கு காண்போம்.

முதலில் ஒரு கணக்கு

தலைமை அலுவலகத்தில் மட்டும் சர்வர் இருக்கிறது; கிளையில் 21 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். கிளையில் ஒருவர், அதே அறையில் இருக்கும் 20 பேருக்கு 5 எம்.பி. ஃபைல் ஒன்றை மெயிலில் அனுப்புகிறார். மெயிலில் இணைக்கப்படும் ஃபைல், பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. இதனால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி, கிட்டத்தட்ட 7 எம்.பி. ஆகிவிடும். இது ஒருமுறை தலைமை அலுவலகம் போகும். பிறகு 20 பேருக்காக 20 முறை திரும்பி வரும். மொத்தம் 140 எம்.பி. நொடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள லைனை இந்த ஒரு மெயிலே 9 நிமிடத்துக்கு மேல் அடைத்துக் கொள்ளும்.

கிளையிலேயே சர்வர் இருந்தால் இந்த மெயில் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. தலைமை அலுவலகத்திலிருந்து 20 பேருக்கு அனுப்பினாலும் கவலையில்லை. மெயிலைக் கடத்தும் எஸ்.எம்.டி.பி. முறையில், ஒரே பிரதியை அனுப்பிவிட்டு அதற்குரிய முகவரிகளை மட்டும் வரிசையாகச் சொல்லலாம். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் 100 மெகாபிட் ஃபைபர் லைனில் அதே 140 எம்.பி. சுமார் 11 நொடியில் வந்துவிடும். அப்போது கிளை சர்வருக்கு வேகம் ஒரு காரணமாகாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கிளையின் டவுன்லோடு, தலைமை அலுவலகத்தின் அப்லோடு. அங்கே அப்லோடு வேகம் குறைவாக இருந்தால் கிளையில் எவ்வளவு பெரிய லைன் போட்டும் பயனில்லை.

கிளை சர்வர்கள் ஏன் குறைந்தன?

1997-ல் வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 5.5 காலத்தில், அவுட்லுக்கில் ஒரு மெயிலைத் திறக்க ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்க வேண்டும். மெதுவான லைனில் இது பெரும் தொல்லை. எனவே பல நிறுவனங்கள் கிளைக்கு ஒரு சர்வர் வைத்தன. எக்ஸ்சேஞ்ச் 2003, அவுட்லுக் 2003 ஜோடியில் வந்த கேச்டு மோடு இதை மாற்றியது. மெயில்பாக்ஸின் பிரதி ஒன்று பயனாளரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பின்னணியில் சர்வருடன் ஒத்துப் பார்த்துக் கொள்ளும். லைன் போனாலும் பழைய மெயில்களைப் படிக்கலாம், பதில் எழுதி அவுட்பாக்ஸில் வைக்கலாம். ஐமேப் முறையில் தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்களும் மெயில்களைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கும் வசதியை இயக்கினால் இதே பலன் கிடைக்கும்.

ஒவ்வொரு சர்வரும் ஒரு கதவு

கிளையில் சர்வர் வைப்பது என்றால் கம்ப்யூட்டர் ஒன்று வாங்குவதோடு முடியாது. யு.பி.எஸ்., பேக்கப், அப்டேட் எல்லாம் அங்கும் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்றால் அதே இடத்தில் ஆக்டிவ் டைரக்டரியின் குளோபல் கேட்டலாக் சர்வரும் தேவை. ஒன்று இரண்டாகிவிடும்.

2021 மார்ச் 2-ல் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் அவசர பேட்ச் வெளியிட்டது. அதைப் போடுவதற்குள் உலகெங்கும் ஏராளமான சர்வர்களுக்குள் ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். ஐந்து கிளையில் ஐந்து சர்வர் என்றால், அன்று உடனே அடைக்க வேண்டிய கதவுகள் ஐந்து. கிளையில் அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் அங்கே சர்வர் வேண்டாம்.

சர்வர் கடல் கடந்து இருந்தால்?

இப்போது பலரும் மெயிலை கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களிடம் ஒப்படைத்து விடுகிறார்கள். சர்வரைப் பராமரிக்கும் தலைவலி இல்லை. லைனை நம்பியிருப்பது மட்டும் மாறாது. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் இன்டர்நெட் திணறியது. எனவே சர்வர் எங்கிருந்தாலும், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் லைன்களை வைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒரே பாதையில் வந்தால் ஜே.சி.பி. இயந்திரம் இரண்டையும் சேர்த்தே அறுக்கும். ஒன்று கேபிள், மற்றொன்று மொபைல் டேட்டா என்று வைப்பது நல்லது.

இரண்டாவது எம்.எக்ஸ். தேவையா?

உங்கள் டொமைனுக்கான மெயிலை எந்த சர்வரிடம் கொடுப்பது என்று சொல்வது எம்.எக்ஸ். ரெக்கார்டு. அதில் குறைந்த எண்ணுக்கே முதலிடம். 10 கிடைக்காவிட்டால் 20-க்குப் போகும். கிளை சர்வரை 20 என்று போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பாம் அனுப்புபவர்கள் காவல் குறைந்த அந்த இரண்டாவது வாசலையே தேடி வருவார்கள். உங்கள் சர்வர் ஓரிரவு நின்றாலும் பொதுவாக மெயில் தொலைந்து போகாது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4, 5 நாட்களாவது முயல வேண்டும் என்கிறது 2008-ல் வெளியான எஸ்.எம்.டி.பி. விதி. முதல் சர்வருக்கு இணையான ஸ்பாம் வடிகட்டியும் முகவரிப் பட்டியலும் இல்லாத இரண்டாவது சர்வரை வைக்காமல் இருப்பதே மேல்.

வெளியே செல்லும் மெயிலையும் ஒரே சர்வர் வழியாக அனுப்புங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு மெயில் அனுப்பும் அனைவரிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். அடையாளத்தை எதிர்பார்க்கிறது. எஸ்.பி.எஃப். ரெக்கார்டில் சேர்க்காத கிளை சர்வரிலிருந்து நேராகப் போகும் மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் விழலாம்.

முடிவெடுக்கும் முன்

கிளையில் எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு மெயில் போய் வருகிறது என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். லைன் மாதத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். சர்வரைக் கவனிக்க அங்கே யார் இருக்கிறார் என்று கேளுங்கள். லைன் உண்மையிலேயே மெதுவாக இருந்து, பார்த்துக் கொள்ள ஆளும் இருந்தால் மட்டும் கிளையில் சர்வர் வையுங்கள். மற்ற எல்லா இடங்களிலும் அந்தப் பணத்தை இரண்டாவது லைனுக்கும் பேக்கப்புக்கும் செலவிடுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு மெயில்பாக்ஸையாவது மீட்டுப் பார்த்த பிறகே அதை நம்புங்கள்.