உவர்க் கிணறும் ஒரு போத்தல் வினாகிரியும்

தீவகத்தில் உடுப்புத் தோய்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சவர்க்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழாது. வாளியில் வெள்ளைத் திரைதான் மிதக்கும். காய்ந்த சறம் மட்டைபோல விறைத்து நிற்கும். பிள்ளைகளின் பள்ளிச் சட்டை நாளடைவில் சாம்பல் நிறமாகும். சவர்க்காரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நமது நிலம் சுண்ணாம்புக்கல். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் கிணற்று நீரில் கரைந்து, சவர்க்காரத்துடன் சேர்ந்து திரையாகி நூலிலே படிகின்றன. வாங்கிய கட்டியில் பாதி இப்படியே வீணாகிறது.

1990 ஆகஸ்டில் தீவகத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் குடாநாட்டில் தங்கியிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைப்பதே அரிது. அன்று கைகொடுத்தது பனம்பழம். அதன் களியிலுள்ள கசப்புப் பொருள் சபோனின் வகையைச் சேர்ந்தது. சவர்க்காரம்போல வன்னீரில் திரையாகாது நுரைக்கும். ஆனால் கொடியில் போட்ட உடுப்பைக் காவல் காக்க வேண்டும். பழவாசனைக்கு மாடு வந்து சப்பிவிடும்!

இன்று சவர்க்காரம் உண்டு, விலைதான் பயமுறுத்துகிறது. தோய்த்து, ஒருமுறை வெறும் நீரில் அலசியபின், 10 லீட்டர் வாளி நீருக்கு அரைத் தேநீர்க் கோப்பை வினாகிரி விட்டுக் கடைசியாக அலசுங்கள். அதன் அசற்றிக் அமிலம் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், துணி இளகும். புளித்த மணம் வெயிலில் காயப் போய்விடும். வெள்ளை உடுப்புக்கு நிறமற்ற வினாகிரியே நல்லது. கள்ளிலிருந்து எடுத்தது சில வேளை மஞ்சள் பிடிக்கும். வினாகிரி இல்லாவிடில் தேசிக்காய்ச் சாற்றை வடித்து விடலாம்.

சவர்க்கார நீரிலேயே வினாகிரியை ஊற்றிவிடாதீர்கள். அமிலம் சவர்க்காரத்தை முறித்துப் பிசுக்காக்கிவிடும். உப்புக் கரிக்கும் நீரின் உப்பையும் அது போக்காது. நல்ல தண்ணீர் ஒரு வாளிதான் உண்டென்றால், அதைக் கடைசி அலசலுக்கு வைத்திருங்கள்.

மிக முக்கியமானது: கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரோ வேறு வெளிற்றும் திரவமோ உள்ள வாளியில் வினாகிரி படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சை அடைக்கும், சிறுபிள்ளைகளுக்கு உயிராபத்து. தவறிச் சேர்ந்துவிட்டால் வாளியைத் தொடாமல் பிள்ளைகளுடன் காற்றோட்டமான வெளியிடத்துக்குச் சென்றுவிடுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.