மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

வருமான அனுமதிப்பத்திரம் முடியும் நாள் நெருங்கினால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கத்து வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி தவறாது: பழைய கார் புகைப் பரிசோதனையில் தேறுமா, அது மண்ணெண்ணெய்க் கார்தானே?

இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் பெற்றோல் கார்கள். யாழ்ப்பாணத்தில் அவற்றை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியது 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரும் கூடவே வந்த பொருளாதாரத் தடையும். போருக்கு உதவும் பொருள்களை மட்டுமே மறிப்பதாக அரசு சொன்னது. பெற்றோலோடு சீமெந்தும் உரமும் ரோச் பற்றரியும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன. பிள்ளைப்பேற்றுக்குப் போகும் காருக்கும் அதே தடைதான்.

மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது; குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்ரார்ட் செய்தார்கள். எஞ்சின் சூடேறும்வரை அக்சிலேற்றரில் வைத்த காலை எடுக்கக்கூடாது. பிறகு மண்ணெண்ணெய் எரியத் தொடங்கும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். எஞ்சின் தட்டாமலிருக்க, டிஸ்ரிபியூற்றரைத் திருப்பித் தீப்பொறியைச் சற்றுப் பிந்த வைப்பதும் உண்டு.

எல்லா எஞ்சினும் இதற்கு இசையாது; அமுக்கம் கூடிய எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டும். இந்தக் கார்கள் பிறந்த பிரித்தானியாவில் 1953 தொடக்கம் வரை தரம் குறைந்த ஒரே வகைப் பெற்றோல்தான் கிடைத்தது. அதனால் 1948இல் வந்த மைனரின் 918 சிசி எஞ்சினுக்கு அமுக்க விகிதம் ஏறத்தாழ ஆறரைதான். 1952இன் 803 சிசி எஞ்சினில் அது ஏழைத் தாண்டியது. 1956இன் மைனர் 1000இல் வழமையான எஞ்சினுக்கு எட்டைத் தாண்டியது. 1962இல் 1098 சிசி வந்தபோது, 27 குதிரைவலுவில் தொடங்கிய கார் 48ஐ எட்டியிருந்தது. தொழிற்சாலைக்கு அது முன்னேற்றம். தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்துக்கோ, வலுக் குறைந்த பழைய எஞ்சின்தான் கைகொடுத்தது.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயரிங் தேயும்.

மற்றக் கேள்விகள். புகைப் பரிசோதனையா? காபரேற்றரை ரியூன் செய்து, பிளக்கைத் துப்புரவாக்கிக்கொண்டு போங்கள்.

மண்ணெண்ணெய் பழையபடி மலிவா? 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் காரில் போகலாமா? கார் குறிகட்டுவானோடு நிற்கும், அங்கிருந்து படகு.

உப்புக் காற்றுக்கு எது தாங்கும்? ஏ40 டெவனுக்குச் சசி தனி, மைனருக்கு உடம்புதான் சசி. வாங்குமுன் கதவுக்குக் கீழுள்ள தகட்டை ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள்.