நடுவயதும் திருப்பணியும்: கொல்லிமலை தரும் ஒரு பாடம்

ஆயர் பணியின் தொடக்க ஆண்டுகளைக் குறித்து நாம் நிரம்பப் பேசுகிறோம். ஓய்வுக் காலத்தைக் குறித்தும் ஓரளவு பேசுகிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, ஐம்பதை ஒட்டிய ஆண்டுகளைக் குறித்து மட்டும் வாய் திறவாதிருக்கிறோம். ஆயினும் பொறுப்புகள் மிகுதியாய் நம்மேல் சுமத்தப்படுவதும், உள்ளம் சோர்ந்து போவதும் அந்த ஆண்டுகளிலேயே. ஆதலின் இதனைச் சற்றே ஆராய்தல் தகும்.

நடுவயதின் சோதனை

சேலம், நாமக்கல் சமவெளியில் பணியாற்றும் ஓர் ஆயரின் நாளை எண்ணிப் பார்ப்போம். சபையாருள் சிலர் லாரி ஓட்டி வடநாடு சென்றிருப்பர். சிலர் விசைத்தறியில் இரவு வேலை பார்ப்பர். சிலர் கோழிப்பண்ணையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் உழைப்பர். அவர்களை வீட்டில் காண்பதே அரிது. இதனிடையே கட்டட நிதி, குழுக் கூட்டம், தேர்தல், கணக்குத் தணிக்கை என வேலைகள் நெருக்கும். வீட்டில் பிள்ளைகளின் படிப்பு. ஊரில் பெற்றோரின் முதுமை. உடலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும். பிரசங்கம் கைப்பழக்கமாகிவிட, பழைய குறிப்பேடே போதும் என்ற நிலை உருவாகிறது. வெளியே பொறுப்பு பெருகப் பெருக, உள்ளே ஊற்று வற்றுகிறது.

உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில், மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். அவற்றுள் நடுவயதுக்குரிய போராட்டம், அடுத்த தலைமுறையைப் பேணி வளர்ப்பதற்கும் தன்னுள்ளேயே தேங்கி நிற்பதற்கும் இடையே நிகழ்வது என்றார். பதவியில் உயர்ந்துகொண்டே ஒருவர் தேங்கிப் போகவும் கூடும் என்பதை நாம் நம்மிடையே காண்கிறோம்.

ஐம்பதாம் வயதில் ஒரு விதவை

இப்போராட்டத்தை நம் பகுதியிலேயே கடந்து சென்ற ஒருவர் ஈவ்லின் பிராண்ட் அம்மையார். 1879இல் பிறந்து, லண்டனில் செல்வக் குடும்பத்தில் வளர்ந்து, ஓவியம் பயின்றவர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்த ஜெசி பிராண்ட் என்பவரை 1913இல் மணந்து, கொல்லிமலையில் குடியேறினார். மலைமக்களுக்கு மருந்து, பள்ளி, கைத்தொழில், நற்செய்தி ஆகிய அனைத்தும் அவர்கள் பணியில் ஒன்றாய் இணைந்திருந்தன. பிற்காலத்தில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகனே.

1929 ஜூன் திங்களில் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 44. பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். ஐம்பதாம் வயதில் ஈவ்லின் கணவரையும், இருவரும் சேர்ந்து கண்ட கனவையும் ஒருசேர இழந்து நின்றார். கொல்லி, பச்சை, கல்ராயன் முதலிய ஐந்து மலைகளிலும் பணி செய்யவேண்டும் என்பதே அக்கனவு. துயரத்தால் நொறுங்கித் தாய்நாடு சென்றவர், மீண்டும் திரும்பினார். ஆயினும் மிஷன் அவரைச் சமவெளியில் பணிக்கு அமர்த்தியது. விரும்பிய இடம் ஒன்று, கிடைத்த இடம் வேறு. அங்கும் அவர் உண்மையாய் உழைத்தார்.

1947இல், அவருடைய 68ஆம் வயதில், மிஷன் அவருடைய பணியைப் புதுப்பிக்க இசையவில்லை. இன்னும் ஓராண்டு மட்டும் கேட்டுப் பெற்றார். அவ்வாண்டு முடிந்ததும் மிஷனிடம் விடைபெற்று, பதவியும் ஊதியமும் இன்றிக் கல்ராயன் மலைமேல் குடிசை கட்டிக்கொண்டார். 75ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் தம் 95ஆம் வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் கற்பவை

முதலாவது, பதவி வேறு, அழைப்பு வேறு. பதவியைத் திருச்சபை தருகிறது. திருச்சபையே திரும்பப் பெறுகிறது. அது முறையே. பதவியே தாம் என்று எண்ணியிருந்தவர், அது நீங்கும் நாளில் வெறுமையாகிறார். ஈவ்லின் அம்மையாரிடம் பதவி நீங்கியபின்னும் அழைப்பு எஞ்சியிருந்தது. நாம் ஓய்வு பெறும் நாளில் நம்மிடம் எஞ்சுவது எது என்பதை ஐம்பதிலேயே கேட்டுக்கொள்வது நலம்.

இரண்டாவது, உடலும் இறைவனுடையதே. அம்மையாரின் வலிமையை எல்லாரும் பெற்றிலர். அதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது அறமும் அன்று. சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பிய எலியாவைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவைத்தார், இருமுறை உண்ணவைத்தார் (1 இராஜாக்கள் 19). புதிய கட்டளை அதன்பின்னரே வந்தது. சோர்வு பாவம் அன்று. அதை மறைத்து நடிப்பதே ஆபத்து.

மூன்றாவது, வளர்ச்சி என்பது பிறரை வளர்த்தல். எலியாவின் புதிய கட்டளைகளுள் எலிசாவைத் தேடிச் செல்வதும் ஒன்று. மோசேக்கு எத்திரோ கூறிய அறிவுரையும் சுமையைப் பகிர்வதே (யாத்திராகமம் 18). நாம் அறிந்த லாரி ஓட்டுநர் ஒருவர், கண்பார்வை குறைந்தபோது இரவு ஓட்டத்தை விட்டுவிட்டு, இளைஞன் ஒருவனுக்கு வண்டியைப் பழக்கினார். “ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஐயா, ஓட்டுவதைவிடக் கஷ்டம்” என்று அவர் நம்மிடம் கூறினார். இளம் ஆயரிடம் பிரசங்க மேடையை ஒப்புவித்துவிட்டு, பின் வரிசையில் அமர்ந்திருந்த ஞாயிறுகளில் அச்சொல்லின் உண்மையை நாமும் உணர்ந்தோம்.

ஆகவே ஐம்பதைக் கடந்த உடன்பணியாளர்களே, வாரத்தில் ஒரு நாளை உண்மையான ஓய்வுக்கு ஒதுக்குவோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் உடலைக் காட்டுவோம். மனந்திறந்து பேச ஒரு நண்பரைத் தேடிக்கொள்வோம். நம் பொறுப்புகளுள் ஒன்றையாவது இவ்வாண்டே ஓர் இளையவர் கையில் முழுமையாய் ஒப்படைப்போம். இறையியல் மாணவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் மூத்த ஆயர் சோர்ந்திருக்கக் கண்டால் அவரைக் குறைகூறுமுன், அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேளுங்கள். கடவுள் எலியாவுக்குச் செய்தது அதுவே.